வெள்ளிக்கிழமை வண்டி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு முழு மாருதி காரைப் பதினோரு வருஷம் சோற்றில் மறைத்தவளைப் பார்க்க வேண்டுமானால் திருச்சி பாலக்கரைக்குத்தான் வரவேண்டும். ஷரபுன்னிசா வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும். காரை அவள் ஒளித்து வைக்கவில்லை. அது பட்டப்பகலில் வீட்டு ஷெட்டில்தான் நின்றது. அவள் அதை ஓட்டுகிறாள் என்பதைத்தான் மறைத்தாள். அதையும் ஊருக்கு மறைக்கவில்லை. கட்டிய புருஷன் பரக்கத் அலி ஒருவருக்கு மட்டும் மறைத்தாள்.

பரக்கத் அலிக்குக் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை. இருபத்தேழு வருஷம். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. "எவன் எவன் காரையோ ஓட்டிக்கிட்டுக் கெடக்கிறேன், எனக்குன்னு ஒண்ணு வேணாமா?" என்று ஒரு லீவில் வெள்ளை நிறத்தில் புது மாருதி வாங்கினார். வாங்கின முதல் வாரம் அவர் வலது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் இடித்துக்கொண்டே இருந்தது. குவைத்தில் எல்லாம் இடம் மாறி இருக்குமாம். கை பழகி, நாகூர் போய், ஏர்வாடி போய், மகள் சம்ரீனை ஊட்டிக்குக் கூட்டிப்போய், அப்பாடா என்று உட்காருவதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது சாவியை ஷரபுன்னிசா கையில் வைத்தார்.

"இங்க பாரு புள்ள, வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஸ்டார்ட் போட்டு வை. இல்லேன்னா பேட்டரி போயிரும். நான் ஜும்மா தொழுக முடிஞ்சு போன் பண்றேன். வண்டிச் சத்தத்த எனக்குக் கேக்க வை."

கேட்க வைத்தாள். குவைத்தில் ஜும்மா முடிந்து அவர் கூப்பிடும்போது இங்கே மணி மூன்றாகியிருக்கும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டு, இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து போனை இன்ஜின் பக்கத்தில் நீட்டுவாள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல அவர் அங்கிருந்து கேட்பார். "ம்... சத்தம் நல்லாருக்கு. லேசா ஒரு டிக் டிக்குங்குதே, அது என்ன?" என்பார். அது அவள் கை வளையல். அதற்கப்புறம்தான் அவளைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் விசாரிப்பார். முதலில் காருக்கு நலம், பிறகுதான் பெண்டாட்டிக்கு. ஷரபுன்னிசாவுக்கு இதில் கோபம் இல்லாமல் இல்லை.

ஒருமுறை லீவில் வந்தபோது மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "என்னங்க, நானும் ஓட்டக் கத்துக்கட்டுமா?"

"உனக்கு எதுக்கு புள்ள அது? இந்தக் குடும்பத்துக்கு ஒரு டிரைவர் போதும்," என்றார் அவர், டயரைத் துடைத்துக்கொண்டே. அதோடு பேச்சு முடிந்தது.

முடிந்தது என்று அவர் நினைத்தார்.

வினையைத் தொடங்கி வைத்தவன் மெக்கானிக் நஸ்ருல்லா. தெருமுனையில் பட்டறை வைத்திருப்பவன், தூரத்து உறவில் மருமகன் முறை. ஒருநாள் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமி, ஸ்டார்ட் மட்டும் போட்டா ஆச்சா? சக்கரம் உருளணும். ஒரே எடத்துல நின்னா டயரு தட்டையாயிரும். ஒரு அடி முன்னால, ஒரு அடி பின்னால நகத்தி வைங்க," என்று சொல்லிக்கொடுத்தான். ஒரு அடி முன்னால் நகர்ந்தது. ஒரு அடி பின்னால் வந்தது. மறுவாரம் ஷெட்டு வாசல்வரை. அதற்கடுத்த மாதம் தெருமுனைவரை. மனுஷிக்கு ஒரு அடி கொடுத்தால் போதும், மிச்சத்தை அவளே எடுத்துக்கொள்வாள். ஷரபுன்னிசா வெள்ளிக்கு வெள்ளி அடியடியாகத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு முறையாக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஆர்.டி.ஓ. முன்னால் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்சும் வாங்கினாள். அந்த லைசென்ஸ் அரிசி டின்னுக்குள் குடியிருந்தது.

"மாமி, மாமா வந்தா மொதல்ல மீட்டரத்தான் பாப்பாரு," என்று எச்சரித்தவனும் நஸ்ருல்லாதான். அவர் போன் நம்பர்களை மறப்பார். போகும்போது மீட்டரில் என்ன ஓடியிருந்தது என்பதை மட்டும் மறக்கமாட்டார். பழைய கார்களில் மீட்டருக்கு ஒரு கேபிள்தான் போகும். அதைக் கழற்றிவிட்டால் கார் காசிக்கே போய்வந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. பரக்கத் அலி பிளேன் ஏறிய மறுநாள் நஸ்ருல்லா வந்து கேபிளைக் கழற்றுவான். அவர் வருவதற்கு முந்தின நாள் வந்து மாட்டுவான். ரம்ஜானுக்கு வீடு வெள்ளையடிப்பதுபோல அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அப்புறம் என்ன, தெருவுக்கே அது பொது வண்டி. ஆஸ்பத்திரி, கல்யாணம், புள்ளத்தாச்சி, கண் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் ஷரபுக்காதான். எதிர்வீட்டுச் சந்திரம்மாள் பூக்காரி. அவளுக்குக் கால் முறிந்து கிடந்த மூன்று மாதமும், அவள் மகளை விடியற்காலையில் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய்ப் பூ மூட்டையோடு திரும்பக் கொண்டுவந்து விட்டாள். அந்த வருஷம் லீவில் வந்த பரக்கத் அலி கார்க் கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன புள்ள, உள்ள மல்லியப்பூ வாசன அடிக்குது?" ஷரபுன்னிசா அசரவில்லை. "செண்டு தெளிச்சு வெச்சேங்க. பூட்டியே கெடக்கே, பூஞ்சக்காளான் பூத்துறக் கூடாதுல்ல." அவர் உருகிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் காருக்கென்று தனியாக ஒரு செண்டு பாட்டில் வந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பொய். பாலக்கரையில் அந்த ஒரு தெருவின் வாய் பதினோரு வருஷம் மூடியே இருந்தது. பள்ளிவாசல் பேஷ் இமாம்கூட வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவர் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதே அந்தக் கார்தான். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் யாரும் ஷரபுக்காவைக் கூப்பிடமாட்டார்கள். மூன்று மணிக்கு வண்டி ஷெட்டில் நிற்க வேண்டும், குவைத்துக்கு இன்ஜின் சத்தம் போக வேண்டும் என்று தெருவுக்கே தெரியும்.

பயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு லீவும் அவளுக்குக் காரைச் சோதனை போடுவதில்தான் தொடங்கும். சீட்டுக்கு அடியில் சந்திரம்மாள் மகளின் ஹேர்பின் கிடக்கிறதா, டேஷ்போர்டில் யாராவது மருந்துச் சீட்டை விட்டுவிட்டுப் போனார்களா என்று காரைத் துழாவித் துழாவி விரல் தேய்ந்தது. அவர் அடிக்கிற மனுஷன் அல்ல, ஏசுகிற மனுஷனும் அல்ல. ஆனால் வாரம் தவறாமல் பத்து நிமிஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முகத்தைத் தான் ஏமாற்றுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அது வயிற்றில் ஒரு கல்லாகக் கிடந்தது.

போன வருஷம் பரக்கத் அலி ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். அறுபத்திரண்டு வயது, சர்க்கரை, முட்டிவலி. அவர் வந்த நாளிலிருந்து ஷரபுன்னிசா சாவியைத் தொடவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் அவரும் தொடவில்லை. கே.கே. நகரில் இருக்கும் சம்ரீன் வீட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் "பஸ்ஸுல போயிட்டு வரலாமே," என்பார். கேட்டால் முட்டி, கேட்டால் டிராபிக். வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் போடுவது மட்டும் தொடர்ந்தது. கடைசியில் ஒருநாள் அவரே சொன்னார்.

"பதினஞ்சு வருஷம் ஆகப்போவுது புள்ள. எஃப்.சி. எடுக்கணும், பெயிண்ட் அடிக்கணும், ஆயிரம் வேல. வித்துறலாமா?"

"வித்துருங்க," என்றாள் அவள், அவர் வாய் மூடுவதற்குள்.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உனக்கு வருத்தமா இருக்காதா? வாராவாரம் புள்ளையப் பாக்குற மாதிரி பாத்தியே."

வருத்தம் இல்லாமல் என்ன? ஆனால் வருத்தத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. கார் போனால் மீட்டர் போகும், கேபிள் போகும், பதினோரு வருஷப் பொய்யும் அதே கதவு வழியாக வெளியே போய்விடும். இனிமேல் யாராவது வாய் தவறி உளறினாலும் சாட்சி சொல்ல வண்டி இருக்காது. சந்திரம்மாள்கூட, "தலைவலி விட்டுச்சுன்னு சக்கரப் பொங்கல் வெய்யி அக்கா," என்று சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்மலையிலிருந்து டோனி என்ற பையனும் அவன் அம்மா வியாகுலம்மாளும் காரைப் பார்க்க வந்தார்கள். டோனிக்கு ரயில்வே பட்டறையில் வேலை. முப்பது வயது இருக்கும், பொறுமையான ஆள். அவன் மனைவி ஆஷ்லிக்கு ஏழாம் மாதம். பைக்கில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். புதுக் கார் வாங்க வசதியில்லை. அதிகம் ஓடாத பழைய வண்டியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"மீட்டர் முப்பத்தோராயிரம்தான் காட்டுது," என்றான் டோனி சந்தேகத்தோடு. "பதினாலு வருஷ வண்டிக்கு இவ்வளவு கம்மியா இருக்கே சார்? யாராச்சும் திருத்தியிருப்பாங்களோ?"

ஷரபுன்னிசா அப்போது டீத் தட்டோடு நடையில் வந்துகொண்டிருந்தாள்.

பரக்கத் அலிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு டிரைவரிடம் போய் மீட்டரைத் திருத்தினாயா என்று கேட்பது, சமையல்காரரிடம் போய்ச் சோற்றில் மண்ணைப் போட்டாயா என்று கேட்பதுபோல. நெஞ்சில் கையை வைத்தார். "தம்பி, அல்லா மேல ஆணையா சொல்றேன். வருஷத்துல ஒரு மாசம் நான் ஓட்டுனது மட்டுந்தான் இந்த மீட்டர்ல இருக்கு. என் கையத் தவிர வேற ஒரு கை இந்த ஸ்டியரிங்கத் தொட்டதில்ல."

தட்டில் டீ தளும்பியது.

வியாகுலம்மாள் மகனை அதட்டினாள். "டேய், பெரியவங்க ஆண்டவன் மேல சத்தியம் பண்ணிட்டாங்க. அப்புறம் என்னடா கேள்வி? பாய், எங்களுக்கு முடிஞ்சுது. நாளைக்கு வந்து எடுத்துக்கறோம்." டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சந்திரம்மாள் வாசலிலேயே காத்திருந்து ஷரபுன்னிசாவைப் பிடித்துக்கொண்டாள். "பேசாம இரு அக்கா. நாளைக்கு வண்டி போயிரும், கத முடிஞ்சுரும். அவரு தெரியாமத்தான சொன்னாரு?"

"அவரு தெரியாமச் சொன்னாரு. நான் தெரிஞ்சு கேட்டுக்கிட்டு நின்னேனே," என்றாள் ஷரபுன்னிசா.

அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. விற்கிற பொருளில் ஐபு இருந்தால், அதாவது குறை இருந்தால், வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்ற காசு வீட்டுக்கு ஆகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். பரக்கத் அலியோ அதை ஒரு படி மேலே வைத்திருப்பவர். குவைத்தில் எஜமானின் கார் சீட்டில் கிடந்த கால் தினார் காசைக்கூட எடுத்துக்கொண்டுபோய்க் கையில் கொடுத்தவர் என்று சம்ரீன் ஆயிரம் தடவை பெருமையடித்திருக்கிறாள். அப்படிப்பட்ட மனுஷன் வாயிலிருந்து தன்னால் ஒரு பொய்ச் சத்தியம் வந்துவிட்டது. அதை நம்பி ஒரு புள்ளத்தாச்சிப் பெண் அந்தக் காரில் ஏறப்போகிறாள். பேசாமல் இருந்தால் ரகசியம் போய்ச் சேரும். சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்?

சாயங்கால அசர் தொழுகை முடிந்து அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எதிரே வந்து நின்றாள். அரிசி டின்னிலிருந்து எடுத்த லைசென்சை அவர் மடியில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபோட்டோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார்.

"என்ன புள்ள இது?"

சொன்னாள். ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் என்பதிலிருந்து தொடங்கி, நஸ்ருல்லா, கேபிள், பூ மூட்டை, இமாம் மனைவி என்று ஒன்று விடாமல் கொட்டினாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுகையோடே சொன்னாள். "எத்தன ஆயிரம் ஓடியிருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. நஸ்ருல்லா எழுபதாயிரத்துக்கு மேலங்குறான். நீங்க பண்ண சத்தியத்துக்கு நான்தான் பொறுப்பு. என்னைய என்ன வேணா சொல்லுங்க. அந்தப் புள்ளைங்க கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிருங்க."

பரக்கத் அலி லைசென்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். பொழுது சாய்ந்ததும் மக்ரிபுக்கு வந்தார், தொழுதார். இரண்டு இட்லி சாப்பிட்டார், சர்க்கரை மாத்திரை போட்டார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. கையை ஓங்கியிருந்தால்கூடத் தேவலை என்று ஷரபுன்னிசாவுக்குத் தோன்றியது. இவ்வளவு காலம் வயிற்றில் கிடந்த கல் இறங்கியதுதான், ஆனால் இப்போது அது அவர் நெஞ்சில் ஏறிவிட்டதோ என்று பயந்து பயந்து கிடந்தாள்.

காலையில் அவர்தான் டோனிக்குப் போன் செய்தார். "தம்பி, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. வண்டியில ஒரு ஐபு இருக்கு. நேத்து எனக்கே தெரியாது."

வந்தார்கள். அவரே எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர் பொய், நேற்றுச் செய்த சத்தியம் தவறு, வண்டி எழுபதாயிரத்துக்கு மேல் ஓடியிருக்கும், வேண்டாம் என்றால் ஒன்றும் வருத்தமில்லை, வேண்டும் என்றால் அதற்கேற்றபடி விலையைக் குறைத்துக்கொள்ளலாம். யார் ஓட்டியது என்று சொல்லும்போது மட்டும் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஷரபுன்னிசா தலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

டோனி தயங்கினான். வியாகுலம்மாள் ஷரபுன்னிசாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நெஜமாவே இந்தம்மாவா ஓட்டுனாங்க?"

"ஆமாங்க," என்றார் பரக்கத் அலி.

"ஒரு தடவையாச்சும் எங்கயாச்சும் இடிச்சிருக்கீங்களா?" என்று வியாகுலம்மாள் நேராக அவளிடமே கேட்டாள்.

"ஒரே ஒரு தடவங்க. ஷெட்டுச் செவுத்துல. அதுவும் பின்னால எடுக்கயில," என்றாள் ஷரபுன்னிசா.

பரக்கத் அலி திடுக்கிட்டுத் திரும்பினார். "அது நான் இடிச்சதுன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

வியாகுலம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "டேய் டோனி, கொற இருக்குன்னு கூப்புட்டு வெச்சுச் சொல்ற ஆளுங்ககிட்ட வாங்காம வேற யார்கிட்டடா வாங்கப்போற? நஸ்ருல்லாவோ யாரோ, அந்த மெக்கானிக்கக் கூப்பிட்டு இன்ஜினக் காட்டச் சொல்லு. நல்லாருந்தா எடு." நஸ்ருல்லா வந்தான். பரக்கத் அலி கண்ணைப் பார்க்காமலே பானெட்டைத் திறந்து காட்டினான், தான் கழற்றிக் கழற்றி மாட்டிய கேபிளைக் காட்டினான், குற்றவாளியைப்போல மூலையில் நின்றான். இன்ஜின் நன்றாக இருந்தது. சும்மா நின்ற வண்டியைவிட ஓடின வண்டிதான் நல்லது என்று முனகினான். பேரை மாற்றுகிற படிவங்களில் கையெழுத்தாயிற்று.

கிளம்பும்போதுதான் டோனி தலையைச் சொறிந்தான். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்ன சிநேகிதன் வரவில்லை. "சார், நீங்க பொன்மல வரைக்கும் கொண்டாந்து விட்டுருவீங்களா? நாங்க பைக்குல முன்னால போறோம்."

பரக்கத் அலி சட்டைப் பையிலிருந்து லைசென்சையும் சாவியையும் எடுத்தார். இரண்டையும் ஷரபுன்னிசாவிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

அவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையில் கோபம் இருக்கிறதா, கேலி இருக்கிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சந்திரம்மாள் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். ஷரபுன்னிசா பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினாள். இடதுபக்கம் பரக்கத் அலி விறைத்து உட்கார்ந்திருந்தார்.

தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். "ஹாரன் அடி. அந்த ஆட்டோக்காரன நம்பாத. கிளட்ச்சுல கால வெச்சுக்கிட்டே போகாத புள்ள." மேலப்புதூர் சுரங்கப்பாதையில் ஒரு பஸ் உரசுவதுபோல வர, அவர் கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. அவள் பேசாமல் ஒதுங்கி, பஸ்ஸைப் போகவிட்டு, மேலே ஏறினாள். ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னலில் அறிவுரை குறைந்தது. டி.வி.எஸ். டோல்கேட்டில் நாலு பக்கமும் லாரியும் பஸ்ஸும் முண்டியடித்தபோது அறிவுரையே இல்லை. ஜி கார்னரில் அவள் கண்ணாடியைப் பார்த்து, கையைக் காட்டி, ஒரு மணல் லாரியை நிற்கவைத்துவிட்டு வளைந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தபோது அவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள."

"சொல்லுங்க."

"வெள்ளிக்கெழம ஒங்கிட்டப் பேசிட்டுப் போன வெச்சேன்னா, எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காது. தெரியுமா?" அவர் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வண்டிச் சத்தம் கேக்கும். ஒடனே அந்த ஷெட்டு, அந்த இரும்புக் கேட்டு, அதுல நான் மாட்டுன பூட்டு, எல்லாம் கண்ணு முன்னால வந்துரும். காரையும் பூட்டி வெச்சுட்டேன், கட்டுனவளையும் பூட்டி வெச்சுட்டேன்னு தோணும். இருபத்தேழு வருஷம் புள்ள. யாருக்கோ ராசா மாதிரி வண்டி ஓட்டிக்கிட்டு, ஒன்னைய நாலு செவுத்துக்குள்ள வெச்சுட்டேனேன்னு... அதான் ஊரோட வந்தப்புறமும் இந்தச் சாவியத் தொட மனசு வரல."

ஷரபுன்னிசா கியரைக் குறைத்தாள்.

"நீ நேத்து சொன்னப்ப எனக்குக் கோவமே வரல. மொதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் பள்ளிவாசல்ல போய் உக்காந்தேன் பாரு, அப்பாடான்னு இருந்துச்சு. இவ பூட்டிக் கெடக்கல. ஊரச் சுத்தியிருக்கா, நாலு பேருக்கு ஒதவியிருக்கா. நான்தான் இத்தன வருஷம் வீணா மருகியிருக்கேன்னு தோணுச்சு. அல்ஹம்துலில்லாஹ்."

ஷரபுன்னிசாவுக்குக் கண் மறைத்தது. மறைத்த கண்ணோடு ஓட்டக் கூடாது என்று ரயில்வே காலனி மரத்தடியில் காரை நிறுத்தினாள். நிறுத்தியதும் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது.

"இத நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? ராத்திரி பூரா செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு! நான் பொட்டுக் கண்ணு மூடல தெரியுமா!"

"நீ பதினோரு வருஷம் சொல்லல. நான் ஒரு ராத்திரி சொல்லக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவரும் சிரித்தார். ரெண்டு கிழங்களும் ரோட்டோரத்தில் காரை நிறுத்திவிட்டுச் சிரிப்பதைப் பார்த்து, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போன ஒரு பட்டறைத் தொழிலாளி என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

டோனி வீட்டு வாசலில் ஆஷ்லி வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வியாகுலம்மாள் பானெட்டுக்குச் சிலுவை போட்டாள், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். இதெல்லாம் முடிந்து ஷரபுன்னிசா சாவியை ஆஷ்லியின் கையில் வைத்தபோது, மனசு பிழியும், கால் நகராது என்று எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. தலையில் இருந்த தண்ணீர்க் குடத்தை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்ததுபோலக் கழுத்து லேசாக இருந்தது. காரைத் திரும்பிப் பார்த்தாள். நன்றாக உழைத்த வண்டி, நல்ல வீட்டுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். "பின்னால எடுக்கயில மட்டும் ரெண்டு தடவ பாத்துக்கம்மா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முட்டியைத் தடவிக்கொண்டே பரக்கத் அலி கேட்டார்.

"ஆமா, ஸ்ரீரங்கம் போனேன்னு சொன்னியே. காவேரிப் பாலத்து மேல மொத தடவ எப்பிடி ஏறுன?"

ஷரபுன்னிசா அவரைப் பார்த்தாள். அந்தப் பாலத்தைத் தாண்டிய அன்றைக்கு, மாம்பழச்சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டு அவள் முதலில் எடுத்தது போனைத்தான். அவரைக் கூப்பிடுவதற்காக. பாதி நம்பரை அமுக்கிவிட்டுத்தான் நினைவு வந்து நிறுத்தினாள். சந்திரம்மாளிடம் சொன்னாள், சம்ரீனிடம் சொன்னாள், பேஷ் இமாம் வீட்டில்கூடச் சொன்னாள். யாரிடம் சொன்னபோதும் அது பாதி சொன்னதாகத்தான் இருந்தது. யாரிடம் பெருமையடித்துக்கொள்ள நெஞ்சு துடித்ததோ, அந்த ஒரு ஆளிடம் மட்டும் சொல்ல முடியாமல் பதினோரு வருஷம் போயிருந்தது.

"அதையேன் கேக்குறீங்க! ஆடி மாசம். ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போவுது. நடுப்பாலத்துல வண்டி ஆஃப் ஆயிருச்சு. பின்னால ஏழு பஸ்ஸு நிக்குது, எல்லாவனும் ஹாரன் அடிக்கிறான்..."

"ஏழு பஸ்ஸா? அப்புறம்?"

"கண்ண இறுக்கி மூடிக்கிட்டுப் பிஸ்மில்லான்னு சாவியத் திருப்புனேன் பாருங்க..."

"கண்ண மூடிக்கிட்டா! அடியே!"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. ஷரபுன்னிசா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தாள். பரக்கத் அலி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அது போகட்டும். அடுத்த பஸ்ஸுல போவோம். நீ சொல்லு, கண்ணத் தொறந்தியா இல்லியா?"